ராமுத்தாய் ஏறும் இடம்

ஆனைக்குட்டத்தில் யாரும் ஏறாத ஓர் இடத்தில் எங்கள் வேன் தினமும் காலையில் நிற்கும். ஒரு வாகை மரம், அதன் கீழே உடைந்த சிமெண்டுப் பலகை, அவ்வளவுதான் அந்த இடம். நான் பிரேக்கை மிதிப்பேன். கதவை யாரும் திறக்க மாட்டார்கள். உள்ளே இருக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ஓர் ஆள் ஏறி உட்காருகிற நேரம் கழிந்ததும் கியரைப் போட்டு நகர்த்துவேன்.

பட்டாசு ஆபீசுக்கு ஆள் ஏற்றிப் போவது என் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே மேஜையும் மின்விசிறியும் போட்டிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

அந்த மரத்தடியில் ஏறுகிறவள் ராமுத்தாய். அவள் செத்து இரண்டு தீபாவளி போய்விட்டது. அங்கே நிறுத்து என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. முதல் சில நாள் கால் பழக்கத்தில் நின்றது. அப்புறம் நிற்காமல் போவதற்கு எனக்குப் பயம் வந்துவிட்டது. ரோட்டை அடைத்துக்கொண்டு எவன் வண்டியை நிறுத்தினாலும் இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிக்கிறவன் நான். கோட்டைச்சாமி என்றால் சிவகாசி பைபாசில் தெரியாத டிரைவர் கிடையாது. அந்தக் கோட்டைச்சாமிக்குத்தான் ஒரு மரத்தைத் தாண்டிப் போகப் பயம்.

ஆனால் நான் சொல்ல வந்தது ராமுத்தாயைப் பற்றி இல்லை. அவளுக்கு முந்தின நிறுத்தமான தண்ணீர்த் தொட்டியடியில் ஏறுகிற வள்ளித்தாயைப் பற்றி.

வள்ளித்தாய்க்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. ஒடிசலான உடம்பு, அதிர்ந்து பேசாத வாய். அவள் புருசன் முனியராஜ் லாரி செட்டில் லோடு ஏற்றுகிறவன். ஒரே மகளைக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு பிரசவத்திலேயே வள்ளித்தாய் செத்துப் பிழைத்தவள், அதற்கப்புறம் பிள்ளை வேண்டாம் என்று முனியராஜே சொல்லிவிட்டான். சின்ன வயதிலிருந்தே அவள் மெதுவாகத்தான் நடப்பாள். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது இவள் பைக்கட்டுகளுக்குக் காவல் இருப்பாளாம். அம்மாக்காரி சோம்பேறி என்று திட்டித் திட்டியே வளர்த்தாள். வேனில் அவளுக்கு வைத்த பெயர் தேர். "தேர் அசையுது, வடத்தைப் பிடிங்கடி" என்று கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்த வடம்தான் ராமுத்தாய். பட்டாசு ஆபீசில் ரூம்களை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித்தான் கட்டியிருப்பார்கள். ஒன்று வெடித்தால் அடுத்தது பிடித்துவிடக் கூடாது. வேன் உள்ளே போகக் கூடாது. கேட்டில் இறங்கி, கருவேல மரங்களுக்கு நடுவே நெடுந்தூரம் நடந்துதான் போக வேண்டும். அந்த நடையில் வள்ளித்தாயின் தூக்குவாளியையும் சேர்த்து ராமுத்தாய் தூக்கிக்கொள்வாள். இன்னொரு கையால் வள்ளித்தாயின் முழங்கையைப் பிடித்திருப்பாள். யாராவது தேர் என்று வாயைத் திறந்தால், "தேரை இளுக்க நானிருக்கேன், நீ வாயப் பொத்திக்கிட்டு நட" என்று அவள் போடுகிற சத்தம் கேட்டுக்கு வெளியே எனக்குக் கேட்கும். ராமுத்தாயின் புருசன் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டான், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவளுக்கு இருந்த சொந்தம் என்றால் வள்ளித்தாய்தான்.

ராமுத்தாய்க்கு முன்னால் ஏறுவது வள்ளித்தாய் என்பதால் பக்கத்து சீட்டைக் கையால் தடவிப் பிடித்து வைத்திருப்பாள். வாகை மரத்தடியில் ராமுத்தாய் ஏறியதும் கையை எடுப்பாள். இது எத்தனையோ வருசப் பழக்கம்.

வெடித்த அன்று நான் வீட்டில் இருந்தேன். அலமாரியில் இருந்த தட்டு ஆடியது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. எந்தத் திசை என்றுதான் கேட்பார்கள். நான் வேனை எடுத்துக்கொண்டு பறந்தேன். கேட்டுக்கு வெளியே தலை முதல் கால் வரை அலுமினியப் பவுடர் அப்பிக்கொண்டு வள்ளித்தாய் உட்கார்ந்திருந்தாள். கையில் சிராய்ப்பு தவிர வேறு காயம் இல்லை. வெடிமருந்து கலக்குகிற பக்கத்து ரூமில் உராய்வு ஏற்பட்டுச் சுவர் விழுந்ததாம், வாசலோரம் இருந்த அவளை வெடியின் காற்று வெளியே தள்ளிவிட்டதாம். ராமுத்தாயைக் கொண்டுவரச் சாயந்தரம் ஆகிவிட்டது. அவள் உடம்பில் தீக்காயமே இல்லை. புகையில் மூச்சு முட்டிப் போயிருக்கிறாள் என்று சொன்னார்கள்.

அந்தக் கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். அடுத்த சீசனில் அதே பெண்கள் வேறு கம்பெனிக்குப் போனார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. வேனும் அதே வேன், டிரைவரும் அதே டிரைவர். வள்ளித்தாய் தொட்டியடியில் ஏறினாள், பக்கத்து சீட்டில் கையை வைத்தாள். வாகை மரத்தடியில் என் கால் பிரேக்கை மிதித்தது. புதிதாக வேலைக்கு வந்த பொன்னுத்தங்கம் ஒருநாள் அந்த சீட்டில் உட்காரப் போனாள்.

"அங்கன உக்காராதீக. ஆள் வருது" என்றாள் வள்ளித்தாய்.

பொன்னுத்தங்கம் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த சீட்டின் சாய்மான ரெக்சினில், ஒரு முதுகு அளவுக்கு, வெள்ளி நிறத்தில் ஒரு தடம் இருந்தது. அலுமினியப் பவுடர் தையலுக்குள் ஏறிவிட்டால் லேசில் போகாது. ஞாயிற்றுக்கிழமை வேன் கழுவும்போது எல்லா சீட்டையும் துடைப்பேன், அதை மட்டும் விட்டுவிடுவேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அந்த வருசத்தில்தான் வள்ளித்தாயின் மூச்சு மாறியது. முன்பெல்லாம் கேட்டிலிருந்து நடந்தால் இரைக்கும். இப்போது வேன் படியில் ஏறினாலே இரைத்தது. ஏறி உட்கார்ந்து, வாகை மரம் வரும்வரை அந்தச் சத்தம் நிற்காது. வேனில் பாட்டுப் போடுவதை நான் விட்டுவிட்டிருந்ததால் அது நன்றாகக் கேட்கும். உள்ளே இழுப்பது ஒருத்தி, வெளியே விடுவது இன்னொருத்தி என்பது போல இருக்கும். கண்ணாடியில் பார்ப்பேன். ஒருத்திதான் உட்கார்ந்திருப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே திட்டிக்கொண்டு ரோட்டைப் பார்ப்பேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கண்ணாடியைப் பார்ப்பேன்.

சாயந்தரம் திரும்பும்போது அவள் கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடக்கும். ஒருநாள் கேட்டுப் பாதையில் மயங்கி விழுந்தாள். இன்னொரு நாள் பெட்டியைத் தூக்கியபோது விழுந்தாள். முனியராஜ் அவளை டாக்டரிடம் கூட்டிப்போகாமல் இல்லை. கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து பிரஷர் நார்மல் என்றார்கள். சர்க்கரை இல்லை. ரத்தம் கொஞ்சம் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். ஊரில் முகாம் போட்டபோது ஒரு நர்சம்மா பார்த்தார், அப்போதும் பிரஷர் நார்மல்தான். அந்த நார்மல் என்ற சொல்தான் எங்களை மோசம் பண்ணியது. மிஷினில் அகப்படவில்லை என்றால் அது வேறு என்னவாக இருக்கும்? புகையில் மூச்சு முட்டிச் செத்தவள் ராமுத்தாய். மூச்சு முட்டித் தவிக்கிறவள் வள்ளித்தாய். கூட்டிக் கழித்துப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. நானும்தான்.

வள்ளித்தாயே ஒருநாள் என்னிடம் சொன்னாள். எல்லாரும் இறங்கிப் போன பிறகு அவள் மட்டும் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராத்திரி மல்லாந்து படுத்தா நெஞ்சுல ஏறி உக்காந்துக்கிறாண்ணே. ஒருக்களிச்சாலும் விடமாட்டேங்கா."

"என்ன கேக்குறா?"

"ஒண்ணும் கேக்கல. சும்மா உக்காந்திருக்கா."

அதை அவள் சொன்ன விதத்தில் பயம் இல்லை. பயம் எனக்குத்தான்.

பேய்க்கு வாக்கப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். பேய் பிடித்தவளுக்கு வாக்கப்பட்ட முனியராஜ் பேய் ஓட்டுகிற இருளாண்டிக் கோடாங்கியைத் தேடிப் போனான். கம்பெனி லீவு விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, உச்சிப்பொழுது, அணைக்கட்டுக் கரையோரப் புளியமரத்துக்குப் பக்கத்தில் ஏற்பாடு. வேனில் கூட்டிப்போனது நான்தான். மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக அவள் தலையில் ஊற்றி உட்காரவைத்தார்கள். இருளாண்டி உடுக்கை அடித்தார். வெயிலில் கரைமண் கொதித்தது. பார்க்க வந்த கூட்டம் நிழலுக்கு ஒதுங்கி நின்றது.

"ஏ, நீ யாரு? பேரைச் சொல்லு" என்றார் இருளாண்டி.

வள்ளித்தாய் வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். அதை விடும்போது "ராமுத்தாயி" என்றாள். கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

"எதுக்கு வந்த?"

அவள் மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பப் போற?"

"போமாட்டேன்."

உடுக்கை வேகம் பிடித்தது. கடைசியில் எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் தலையில் கல்லைத் தூக்கி வைத்தார்கள். பேய் பிடித்தவள் அந்தக் கல்லோடு புளியமரத்துக்கு ஓட வேண்டும். மரத்தடியில் கல்லைப் போட்டதும் உச்சி முடியில் ஒரு கற்றையை மரத்தில் ஆணி வைத்து அடித்து வெட்டிவிடுவார்கள். முடியோடு பேய் மரத்தில் தங்கிவிடும், ஆள் அங்கேயே மயங்கி விழுவாள். அப்படி விழுந்தால்தான் பேய் இறங்கியது என்று அர்த்தம்.

"ஓடு! ஓடு!" என்று எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். ஒரு நாளும் ஓடியறியாத வள்ளித்தாய் கல்லைச் சுமந்துகொண்டு ஓடினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. கல் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக விழுந்தாள்.

"இறங்கிருச்சு! இறங்கிருச்சு!" என்று கூட்டம் கும்மாளம் போட்டது. முனியராஜ் கையெடுத்துக் கும்பிட்டு அழுதான். இருளாண்டி அவள் பக்கத்தில் குனிந்தார். குனிந்தவர் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏப்பா டிரைவரு, இங்கன வா" என்றார்.

போய்ப் பார்த்தேன். வள்ளித்தாயின் உதடு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. நகமெல்லாம் நீலம். வருசக்கணக்காக நான் அந்த முகத்தைப் பவுடர் பூச்சோடுதான் பார்த்திருக்கிறேன். சாயந்தரம் வேனில் ஏறும்போது எல்லாப் பெண்களும் வெள்ளிச் சிலை மாதிரிதான் இருப்பார்கள், அதில் எவள் உதடு என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? காலையில் கழுவி வந்தாலும் அந்தச் சாம்பல் நிறம் முழுசாகப் போகாது. அன்றைக்கு ஊற்றின மஞ்சள் தண்ணீரில் அது போயிருந்தது.

"இறங்கினவ மூஞ்சி இப்பிடி இருக்காதுய்யா. நிக்காம ஆஸ்பத்திரிக்கு விடு" என்றார் இருளாண்டி.

விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டிய ஓட்டத்தை என் முதலாளி பார்த்திருந்தால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கியிருப்பார். முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உதடு தெளிந்தது. அங்கேயும் முதலில் கையில் பட்டையைக் கட்டினார்கள். "அது நார்மல்தான்மா, அதைக் கட்டிக் கட்டித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கோம்" என்று நான் கத்திவிட்டேன். கீர்த்திகா என்று ஓர் இளம் டாக்டரம்மா கோபப்படாமல் என்னைப் பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். நெஞ்சுக்குள் ஓடுவதைத் திரையில் பார்க்கிற எக்கோ எடுக்க அனுப்பினார்.

சாயந்தரம் முனியராஜையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கையில பார்க்கிறது உடம்பு முழுக்க ஓடுற ரத்தத்தோட பிரஷருங்க. நுரையீரலுக்கு ரத்தம் போற பாதை தனி, அதுக்கு பிரஷரும் தனி. அது கைப்பட்டையில தெரியாது. இவங்களுக்கு ஏறியிருக்கிறது அந்த நுரையீரல் பிரஷர்."

நாங்கள் விழித்தோம். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "உங்க ஊரு போர்த்தண்ணி உப்புத்தானே? அந்த பைப்பு நாளாக ஆக என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"உள்ள உப்புப் படிஞ்சு வாய் சிறுத்துரும்."

"மோட்டார் என்ன ஆகும்?"

"திணறும். அப்பிடியே விட்டா காயில் புகைஞ்சிரும்."

"அதேதான். இவங்க நுரையீரல்ல ரத்தக் குழாய் இறுகி வாய் சிறுத்துப்போச்சு. இதயத்தோட வலது பக்கந்தான் மோட்டார். முக்கி முக்கித் தள்ளி அது வீங்கிக் கிடக்கு. மூச்சிரைப்பு, கால் வீக்கம், வேலை செஞ்சா மயக்கம், உதடு நீலம், எல்லாம் அதுனாலதான். கவனிக்காம விட்டா ஒருநாள் ஓய்ஞ்சிரும். இன்னைக்கு கல்லோட ஓடினதுல உயிரே போயிருக்கலாம்."

முனியராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "அந்த வெடிப் புகைதான் இப்பிடிப் பண்ணிருச்சாம்மா?"

"இல்லைங்க. பிறக்கும்போதே இதயத்துல மேல் ரெண்டு அறைக்கும் நடுவுல ஓட்டை இருந்திருக்கு. அது வழியா அளவுக்கு மீறின ரத்தம் நுரையீரலுக்குப் பாஞ்சு பாஞ்சு, இத்தனை வருசத்துல குழாய் இறுகியிருக்கு. பிரசவத்துல பிழைச்சதே பெரிசு. இந்த நோய் உள்ளவங்களுக்குப் பிரசவம்னா கண்டம்."

ஓட்டையை அடைத்துவிடலாமா என்று கேட்டோம். அவசரப்பட்டு அடைத்தால் சில பேருக்கு நிலைமை இன்னும் கெட்டுவிடும் என்றார். மதுரைக்குப் போய், தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டு நுரையீரல் பிரஷரைச் சரியாக அளக்க வேண்டும். மாத்திரையில் அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் அடைப்பதா வேண்டாமா என்று சொல்ல முடியும். அதுவரை சுமை தூக்கக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது. "திடீர்னு நிறுத்தினா ஆபத்து" என்று இரண்டு தடவை சொன்னார்.

வள்ளித்தாய் மாத்திரையை விழுங்கவே இல்லை. மூன்றாம் நாள் தலையணை உறையைத் தட்டிப் போட்ட முனியராஜ் கைநிறைய மாத்திரையோடு வராந்தாவுக்கு வந்து, "மச்சான், நான் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. உங்க சொல்லைத்தான் கேப்பா" என்றான்.

மாத்திரைகளை வாங்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். ஜன்னலோரக் கட்டில். சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு இரைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்குக் கோபத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

"அவ போகலண்ணே" என்றாள். "கல்லைத் தூக்கி வச்சு, ஓட விட்டு, என்னென்னமோ செஞ்சாக. கண்ண முளிச்சதும் மொத மூச்சை இளுத்துப் பாத்தேன். நெஞ்சு மேல அங்கனயேதான் இருந்தா."

"மாத்திரைய எதுக்கு ஒளிச்சு வச்ச?"

"அதப் போட்டா மூச்சு லேசாயிருமாம்ல. அப்ப அவ போயிருவால்ல."

"போகட்டும். அவ போனாத்தான் நீ பொளைப்ப."

"எதுக்குப் பொளைக்கணும்?" அவள் குரல் முதன்முறையாக ஏறியது. இரைப்பு வந்து மறித்தது. அது அடங்கும்வரை காத்திருந்து மெல்லச் சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதுண்ணே. ரூமுக்கு நாலு வாசல், வாசலுக்கு ஒருத்தி உக்காருவோம். காத்து வர்ற வாசல் அவளோடது. அவதான் சீனியரு. எனக்கு மூச்சு வாங்குதுன்னு அத எனக்குக் குடுத்துட்டு அவ உள்வாசலுக்குப் போனா. அடைச்ச பெட்டிய உள்ள கொண்டுபோயி அடுக்கணும். எம் பெட்டியையும் அவளேதான் தூக்குவா. அன்னைக்கும் எம் பெட்டிய அடுக்கத்தான் உள்ள போனா. நான் வாசல்ல இருந்தேன். காத்து என்னையத் தூக்கி வெளிய போட்ருச்சு. அவளுக்குக் கோவம் இருக்காதா? இருக்கட்டும். எம்புட்டு நாள் வேணாலும் எம் மேல உக்காந்திருக்கட்டும்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சாப்பாட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இவள் இத்தனை நாளும் சாவதற்கு ஒப்புக்கொண்டுதான் என் வேனில் ஏறியிருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. சீட்டில் கை வைத்தது, ஆள் வருது என்றது, எல்லாம் அதற்குத்தான். எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று தெரியவில்லை. கையில் இருந்த மாத்திரைகளைக் கட்டில் மேல் கொட்டினேன்.

"ஏ, நான் உன்னைய ஒண்ணு கேக்கேன். உயிரோட இருந்த வரைக்கும் ராமுத்தாயி உன்னைய ஒத்தப் பெட்டி தூக்க விட்டிருக்காளா?"

அவள் சிதறிக் கிடந்த மாத்திரைகளைப் பார்த்தாள்.

"கேட்டுலருந்து ரூமு வரைக்கும் உன் தூக்குவாளியக்கூட உன்னையத் தூக்க விட்டிருக்காளா?"

"இல்லண்ணே."

"உன்னையத் தேருன்னு சொன்னவள ஒருத்திய அவ சும்மா விட்டிருக்காளா? அவளா உன் நெஞ்சுல ஏறி உக்காருவா? அவளப் பத்தி நீ நெனச்சது இம்புட்டுத்தானா? எவளும் சொல்ல மாட்டா இப்பிடி ஒரு பளிய. நீ சொல்லிட்ட."

வார்டில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்சம்மா என்னை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார். நான் நகரவில்லை.

"இந்த மூச்சு முட்டு உனக்கு எப்பருந்து? உள்ளதச் சொல்லு. அவ செத்த பெறகா வந்துச்சு?"

மடியைப் பார்த்துக்கொண்டு, "பள்ளிக்கொடத்துலருந்து" என்றாள்.

"டாக்டரம்மாவும் அதத்தான் சொன்னாக. நீ பொறக்கும்போதே இருந்தது. அவ வாசலக் குடுத்ததே அதுக்காகத்தான். அவ போனதுக்கு அப்புறம் வந்தது இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் நான் எதைப் பறித்தேன் என்று பார்த்தேன். வள்ளித்தாயின் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்துபோயிருந்தது. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் கையால் தடவினாள். வேன் சீட்டில் தடவுகிற அதே தடவல்.

"அப்ப அவ வரவே இல்லையாண்ணே?"

நான் என்ன சொல்வேன்? இருக்கிறாள் என்று சொன்னால் இவள் செத்துவிடுவாள். இல்லை என்று சொன்னால் ராமுத்தாய் செத்துவிடுவாள்.

"வரல தாயி" என்றேன்.

அவள் அழுதாள். இரண்டு தீபாவளியாக அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். மூச்சு முட்டி, ஆக்சிஜன் மூடியை வைத்துவிட்டு, மறுபடி எடுத்துவிட்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு முனியராஜ் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் ஒரு மாத்திரையைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து மதுரைக்குப் போகும் நாள் குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப்போய் அட்மிட் ஆகச் சொல்லியிருந்தார்கள். முதலாளியிடம் கெஞ்சி வேனை வாங்கினேன். டியூப் விட்டு அளந்து என்ன சொல்வார்களோ, அடைக்கலாம் என்பார்களோ, காலம் முழுக்க மாத்திரைதான் என்பார்களோ, யாருக்கும் தெரியாது. வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. தொட்டியடியில் முனியராஜ் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றினான். அவள் தன் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள். வழக்கமாக சீட்டைத் தடவுகிற கை மடியில் கிடந்தது. பக்கத்து ரெக்சினில் அந்த வெள்ளித் தடம் அப்படியே இருந்தது. முனியராஜ் அதைப் பார்த்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தான்.

வாகை மரம் வந்தது. என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. சத்தியமாக நான் மிதிக்க நினைக்கவில்லை.

வேன் நின்றது. மூன்று பேரும் மூடின கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரைப்புச் சத்தம் கேட்டது. அது ஒருத்தியுடைய மூச்சுதான், உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் வள்ளித்தாயேதான். அதை அன்றைக்குத்தான் நான் அப்படிக் கேட்டேன்.

"எதுக்குண்ணே நிப்பாட்டுனீக?" என்றாள்.

நான் திரும்பவில்லை.

"அங்கன யாரும் இல்லண்ணே. போங்க."

கியரைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது அவள் பையைத் திறந்து காலை மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தாள். மரம் பின்னால் போனது. எனக்கு ரோடு தெரியவில்லை, கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். ராமுத்தாய் செத்ததற்கு நான் அழுதது அன்றைக்குத்தான்.